சென்னை வெயிலுக்கு 76.5 டிகிரி தெர்மோஸ்டாட் தேவையா? சித்தப்பாவின் காரில் அளந்து பார்த்தது

சித்தப்பாவின் கார் 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சின்ன ஹேட்ச்பேக். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. மே மாத மதியத்தில் ஏசி போட்டுக்கொண்டு கத்திப்பாராவிலோ கிண்டியிலோ நெரிசலில் நின்றால் மட்டும் ஹீட் முள் நடுவைத் தாண்டி மேலே ஏறும், ஏசி காற்று வெதுவெதுப்பாகிவிடும், சில நாள் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கச் சுற்றும் திரவம்) கொதித்து பானட்டுக்கு அடியில் வழியும். வண்டி நகர ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி அடங்கிவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் சொன்னது: "சார், நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வே தேவையில்ல. கழட்டிப் போட்டுட்டா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், ஹீட்டே ஆகாது." இரண்டாவது மெக்கானிக் கழட்டக் கூடாது என்றார், ஆனால் கம்பெனி போட்டிருப்பது 88 டிகிரி வால்வு, அது குளிர் நாட்டுக்கு ஆனது, கார் ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் 76.5 டிகிரி வால்வு கிடைக்கும், அதை வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பா வாங்கியும் விட்டார். வாங்கிய பிறகுதான் எனக்கு போன். "டேய், இத மாட்டலாமா, இல்ல கழட்டியே போட்டுடலாமா?"

இரண்டுமே வேண்டாம் சித்தப்பா, ஆனால் காசு கொடுத்து வாங்கியாச்சு, மாட்டி அளந்தே பார்த்துவிடுவோம் என்றேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது, பதில் சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் அளக்காமலேயே சொல்கிறார்கள். அதனால் இந்த ஒரு காரில் என்ன நடந்தது என்பதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த வால்வு என்ன செய்கிறது என்பது. தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சின்ன பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. சூடு ஏறினால் மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். கரன்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த மெழுகு அமைப்புதான் இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே பைபாஸ் வழியாகச் சுற்றும், அதனால் சீக்கிரம் சூடேறும். வால்வில் 88 என்று அடித்திருந்தால் 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். முழுசாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 100.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வால்வு முழுசாகத் திறந்துவிட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் சூடு ஏறுவதும் ஏறாததும் ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், உள்ளே இருக்கும் கூலன்ட், ரேடியேட்டர் மூடி இவற்றின் கையில். எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே ஆறிவிடக் கூடாது என்பதை தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது, எவ்வளவுக்கு மேலே போகக் கூடாது என்பதைத் தீர்மானிக்க அதனால் முடியாது. மடையை முன்கூட்டியே திறந்து வைத்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் கடைமடைக்குப் போகாது இல்லையா, அதே கதைதான். 110 டிகிரிக்குப் போய்க் கொதிக்கிற எஞ்சினில் 88 வால்வும் முழுசாகத் திறந்துதான் இருக்கும், 76.5 வால்வும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். இரண்டும் அந்த நேரத்தில் ஒன்றுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டால் கட்டாயம் ஹீட் ஆகும், அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படிச் சிக்கினால் நெரிசலில் மட்டும் ஹீட் ஆகாது, ஹைவேயில் இன்னும் மோசமாக ஆகும். ஏனென்றால் ஹைவேயில் எஞ்சின் உண்டாக்கும் சூடு நிற்கும்போது உண்டாவதைவிடப் பல மடங்கு. சித்தப்பாவின் கார் ஹைவேயில் அமைதியாக ஓடுகிறது என்கிற ஒரு தகவலே தெர்மோஸ்டாட்டைப் பாதிக்கு மேல் விடுவித்துவிட்டது.

சரி, அளவுக்கு வருகிறேன். டாஷ்போர்டு முள்ளை வைத்து இதையெல்லாம் பார்க்கவே முடியாது. நிறையக் கார்களில் அந்த முள் வேண்டுமென்றே அசையாதபடி செய்யப்பட்டிருக்கிறது, 75-லிருந்து 105, 110 வரைக்கும் நடுவிலேயே நிற்கும், அதற்கப்புறம் திடீரென்று ஏறும். இப்போது வரும் பல கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக்குகள் ஸ்கேனர் செருகும் இடம்) ஒரு ஈஎல்எம்327 ப்ளூடூத் கருவியைச் செருகி போனில் பார்த்தால் எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியு பார்க்கிற அதே கூலன்ட் வெப்பம் ஒவ்வொரு டிகிரியாகத் தெரியும். கார் ஹீட் ஆகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். எண் இல்லாமல் பொருள் மாற்ற ஆரம்பித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்றே தெரியாது.

எதையும் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்த்தோம். வெளியே 38 டிகிரி இருக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டுப் பக்கம் 80, 90 வேகத்தில் ஏசியோடு போகும்போது 89-லிருந்து 91, அதற்கு மேல் அசையவே இல்லை. அதாவது 88 வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, ரேடியேட்டருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. திரும்பி வந்து குரோம்பேட்டை நெரிசலில் நின்றதும் 93, 96, 99 என்று நிற்காமல் ஏறியது. இந்தக் காரில் ஃபேன் 96 வாக்கில் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஏசி போட்டிருந்தால் அதற்கு முன்பே, கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கி பானட்டைத் திறந்து பார்த்தால் ஃபேன் சும்மா நிற்கிறது. 103 தொட்டதும் திடீரென்று முழு வேகத்தில் கத்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, ஆனாலும் எண் 107, 108 வரை போய்த்தான் நின்றது. அதற்குள் ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணீர் ரிசர்வ் டேங்குக்குக் கொதித்து வந்துகொண்டிருந்தது.

பழுது எங்கே என்று அந்த ஒரு ஓட்டத்திலேயே முக்கால்வாசி தெரிந்துவிட்டது. நின்றால் ஏசி வெதுவெதுப்பு, ஓடினால் குளிர் என்பது ஃபேன் வேலை செய்யவில்லை என்பதற்கு இருக்கிற நல்ல அறிகுறிகளில் ஒன்று. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரையும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டரையும் குளிர வைத்துவிடுகிறது, நின்றால் ஃபேன் மட்டும்தான் கதி. போன வருடம் இதே காருக்கு ஏசி கேஸ் குறைவு என்று சொல்லி கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஃபேனை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது: வண்டியை ஸ்டார்ட் செய், ஏசியைப் போடு, முன்னால் போய் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்.

ஆனால் உடனே ஃபேனைச் சரி செய்யவில்லை. சித்தப்பா வாங்கி வைத்திருந்த 76.5 வால்வுக்கு ஒரு நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும், வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் மாட்டினால்தான் அது என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று தெரியும்.

மாட்டும் முன் இரண்டு வால்வையும் அடுப்பில் வைத்துப் பார்த்தோம். இது யார் வேண்டுமானாலும் செய்யலாம். வால்வின் வாயைக் கையால் கொஞ்சம் திறந்து ஒரு நூலைச் செருகி விட்டுவிட்டால் வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலிலேயே கட்டித் தொங்கவிட்டு, பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு தெர்மோமீட்டரையும் விட்டு மெதுவாகச் சூடு ஏற்ற வேண்டும். எந்த டிகிரியில் நூல் வழுக்கி வால்வு கீழே விழுகிறதோ அதுதான் திறக்கும் வெப்பம். பழையது 87 வாக்கில் விழுந்தது, புதுசு 77-ல். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வால்வு அடித்த எண்ணுக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் திறக்கிறது, அதில் குறையே இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வால்வின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடும் ஒரு குட்டி ஊசி இருக்கும். அது காற்று வெளியேறுவதற்கானது. மேனுவல் வேறு மாதிரி சொல்லவில்லை என்றால் அதை மேல்பக்கமாக வைத்து மாட்ட வேண்டும், அப்புறம் கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். வால்வு மாற்றிய பிறகு முன்னைவிட அதிகமாக ஹீட் ஆகுது என்று வரும் வண்டிகளில் பல, உள்ளே காற்று நின்றுபோன வண்டிகள்தான்.

76.5 வால்வோடு மறுபடி அதே பாதை, அதே மதிய நேரம். ஹைவேயில் எண் 79, 80. பத்து டிகிரி இறங்கியிருக்கிறது, சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குரோம்பேட்டைக்கு வந்து நின்றோம். 83, 87, 91, 95, 99. அதே மாதிரி 103-ல் ஃபேன் கத்த ஆரம்பித்தது, அதே மாதிரி 107 தொட்டது, அதே மாதிரி கொதித்து வழிந்தது. ஒரே வித்தியாசம், அங்கே போய்ச் சேர நாலைந்து நிமிடம் அதிகம் ஆனது.

அந்த நாலைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு ஒத்துவருகிறது. நின்றுகொண்டு ஏசி ஓட்டும் 1.2 லிட்டர் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் சக்தி, ஆக எரிவது 7 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூலன்டுக்குப் போகிறது என்று வைத்தால் இரண்டரை, மூன்று கிலோவாட். எஞ்சினில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரும் நாற்பது கிலோ அலுமினியமும் ஒரு டிகிரி ஏற 56, 57 கிலோஜூல் வேண்டும், ஹைவேயில் இரண்டு வால்வுக்கும் இருந்த இடைவெளியான 80-லிருந்து 91 வரை பதினோரு டிகிரி ஏற 620 கிலோஜூல். வகுத்தால் நாலு நிமிடம். தோராயக் கணக்குதான், ஆனால் சொல்கிற விஷயம் தோராயமானது இல்லை: குறைந்த டிகிரி வால்வு நெரிசலில் உங்களுக்குத் தருவது ஒரு நீளமான சிக்னல் அளவு அவகாசம் மட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டைக் காற்றில் விடும் என்பது கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 40 டிகிரி என்றால் 90-ல் இருக்கும் கூலன்டுக்கு 50 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. 80-ல் இருந்தால் 40 தான். அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெயில் ஊருக்குக் குறைந்த டிகிரி வேண்டும் என்பது காதுக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் வெயில் ஏற ஏற எஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்கு ரேடியேட்டர் இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும், அதற்கான தெம்பு அதற்கு இருந்தால்தான் வால்வில் அடித்திருக்கும் எண்ணுக்கு ஏதாவது மதிப்பு.

அப்புறம்தான் ரிப்பேருக்குப் போனோம். ஃபேன் மெதுவாகச் சுற்றாததற்குக் காரணம் ரெசிஸ்டர். இந்த மாதிரிக் கார்களில் ஒரே ஃபேன், இரண்டு வேகம். மெதுவான வேகத்துக்குக் கரன்ட், அதைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, அது எரிந்துவிட்டால் மெதுவான வேகம் போய்விடும், வேகமான வேகம் மட்டும் மிஞ்சும். மீட்டர் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, விலையும் பெரிசு இல்லை.

இரண்டாவது ரேடியேட்டர் மூடி. சின்னப் பொருள் என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் கூலன்ட் கொதிக்காமல் இருப்பதே அதனால்தான். 1.1 பார் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடுதல். மூடியின் ரப்பர் செத்துப்போய் அழுத்தம் நிற்காவிட்டால் சென்னையில் 100-லேயே கொதித்துவிடும். ஊட்டிக்கு இதே வண்டியை எடுத்துப் போயிருந்தால் 2,240 மீட்டர் உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்திருக்கும், அதாவது எஞ்சின் வழக்கமாக ஓட வேண்டிய வெப்பத்திலேயே. ரேடியேட்டர் கடையில் மூடியை அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் பாதிகூட நிற்கவில்லை. 107 டிகிரியில் வண்டி வழிந்ததற்கு இதுதான் நேரடிக் காரணம். நல்ல மூடி இருந்திருந்தால் 107-ல் ஒரு துளி வெளியே வந்திருக்காது.

மூன்றாவது அழுக்கு. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, வருடக்கணக்கில் தூசியும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து மெத்தையாகிக் கிடந்தது. வெளியே இருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரியும், அதனால் வாட்டர் வாஷ் செய்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மேல் பிராக்கெட்டைக் கழற்றி ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் வந்துவிடும். பம்பு வைத்து வேகமாக அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிப்போகும்.

உள்ளே இருந்தது போர் தண்ணீர். ஒவ்வொரு முறை வழிந்தபோதும் பெட்ரோல் பங்க்கில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள், நிறமே துரு நிறம். சென்னை போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்தால் அதை எடுப்பது கஷ்டம். தண்ணீர் கூலன்டைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மைதான், ஆனால் துரு, உப்பு, பம்ப் சீல் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வெறும் தண்ணீர் ஓட்டுவதில் லாபமே இல்லை. நன்றாகக் கழுவிவிட்டு மேனுவலில் சொன்ன வகைக் கூலன்டை ஊற்றினோம்.

இப்போது 76.5 வால்வோடேயே மறுபடி குரோம்பேட்டை. ஏசியை அணைத்து நின்றால் 96 வரை ஏறுகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, 91-க்கு இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி 96. ஏசி போட்டு நின்றால் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால் 88, 89-ல் நிற்கிறது. ஏசியும் ஜில்லென்று இருக்கிறது. அடுத்து பழைய 88 வால்வைத் திரும்ப மாட்டிப் பார்த்தோம். ஏசி இல்லாமல் நின்றால் அதே 96, அதே 91. ஏசியோடு 92. ஹைவேயில் 90. நெரிசலில் சூட்டை நிர்ணயிப்பது வால்வு இல்லை, ஃபேன் எப்போது சுற்ற வேண்டும் என்று இசியுவில் எழுதியிருக்கும் எண்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஏசியோடு நிற்கும்போது கிடைத்த மூன்று நாலு டிகிரி வித்தியாசத்தையும் மறைக்க விரும்பவில்லை, அது உண்மையாகவே இருந்தது. ஆனால் 92 என்பது இந்த எஞ்சினுக்கு ஒரு ஆபத்தும் இல்லாத வெப்பம், அதை 89 ஆக்கி யாருக்கும் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

மலைக்கும் கொண்டுபோனோம், ஏனென்றால் மலை வேறு வகைச் சோதனை: எஞ்சினில் பாரம் அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்று குறைவு. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசியோடு, நாலு பேரோடு ஏறும்போது 88 வால்வில் அதிகபட்சம் 96. 76.5 வால்வில் 95. அடிவாரத்தில் பத்து டிகிரி இடைவெளியோடு கிளம்பியது மேலே போவதற்குள் ஒன்றாகிவிட்டது, இரண்டு வால்வும் நன்றாகத் திறந்துவிட்ட பிறகு வித்தியாசத்துக்கு இடமே இல்லை.

அப்படியென்றால் 76.5-ஐயே விட்டுவைத்தால் என்ன, கெடுதல் ஒன்றும் இல்லையே என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் காரில் பெரிய கெடுதல் எதுவும் உடனே தெரியவில்லை, செக் எஞ்சின் விளக்கும் வரவில்லை. ஆனால் பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை இசியு கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது, குளிராக இருந்தால் அதிகமாகத் தெளிக்கும். எஞ்சின் ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். டிசம்பர் மழையில் வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று ஓடுகிற வண்டிக்கு எஞ்சின் மெதுவாகச் சூடாவது தேய்மானம்தான். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே ஓடும் வெப்பத்துக்குக் கணக்குப் போட்டு விட்டது. சில கார்களில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்து விளக்கு எரியும், எஞ்சின் எதிர்பார்த்த வெப்பத்துக்கு வரவில்லை என்று இசியு தானாகவே புகார் சொல்கிறது. லாபம் எதுவும் இல்லாதபோது சின்ன நஷ்டத்தை எதற்கு வாங்க வேண்டும்?

வால்வைக் கழட்டிப் போடுவது இதைவிட மோசம், அதை நான் சோதித்துக்கூடப் பார்க்க விடவில்லை. இந்தக் காரின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள். மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு இறங்கி பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலேயே குறுக்கு வழியில் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ராத்திரி ஹைவேயில் எஞ்சின் சூடே ஆகாது, மே மாத நெரிசலில் முன்னைவிட அதிகமாக ஹீட் ஆகும். பழைய அம்பாசிடர் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது, அன்றைக்கு இசியு இல்லை, சென்சார் இல்லை, எஞ்சின் எப்படி ஓடினாலும் ஓடியது என்பதால் நிலைத்துவிட்டது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்றும் எனக்குத் தெரியும், ஆனால் இன்றைய எஞ்சினுக்கு அது பொருந்தாது.

குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டே ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. 1940, 50களின் அமெரிக்கக் கார்களில் குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க ரேடியேட்டரில் ஆல்கஹால் ஊற்றுபவர்களுக்கு 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி வால்வு போடச் சொன்னார்கள், ஏனென்றால் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் (இன்றைய கூலன்டில் இருக்கும் பொருள்) ஊற்றுபவர்களுக்கு 180 ஃபாரன்ஹீட். காரணம் வெயில் இல்லை, உள்ளே ஊற்றும் பொருள்.

இன்றைக்கு இது அதிகம் பேசப்படுவது போர்ஷே 996, பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் எம்96 எஞ்சினில். அதில் கம்பெனி வால்வு 86 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து 99 வாக்கில்தான் முழுசாகத் திறக்கிறது, எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் 71 டிகிரி வால்வு மாட்டுகிறார்கள், சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதைத் தடுக்கும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். டிராக்கில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும்போது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டாமல் (நாக்கிங்) இருக்கக் குளிர்ச்சி உதவும், அது சரியான காரணம். ஆனால் அந்த வண்டிகளிலும் முன்பம்பருக்குள் காய்ந்த இலையும் குப்பையும் அடைந்து ரேடியேட்டரை மூடிவிடுவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை, அதை எடுக்காமல் 71 வால்வு மாட்டினால் சித்தப்பாவின் காருக்கு நடந்ததுதான் நடக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 எஞ்சின்களில் 160 ஃபாரன்ஹீட் வால்வு மாட்டுகிறவர்களும் கூடவே இசியுவில் ஃபேன் சுற்றும் எண்ணையும் இறக்கி எழுதுகிறார்கள். அதைச் செய்யாமல் வால்வு மட்டும் மாற்றினால் நெரிசலில் ஒன்றும் மாறாது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிஎம்டபிள்யூ இதை வேறு வழியில் தீர்த்தது. மெழுகுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் கம்பி. சாதாரணமாக ஓட்டும்போது எரிபொருள் மிச்சப்பட எஞ்சினை 105, 110 டிகிரியில் ஓட விடுகிறது, காலை அழுத்தி மிதித்தால் கம்பிக்குக் கரன்ட் கொடுத்து வால்வை முன்கூட்டியே திறந்து 80, 90-க்கு இறக்குகிறது. குளிர்ச்சி எப்போது தேவையோ அப்போது மட்டும். அந்த எஞ்சின்கள் 110-ல் ஓடுவதைப் பார்த்துப் பயந்துபோய் வால்வை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது பழுது இல்லை, அப்படித்தான் ஓட வேண்டும் என்று செய்தது.

சித்தப்பாவின் காரில் 88 வால்வே மறுபடி உள்ளே போனது, புது கேஸ்கெட்டோடு. கடையில் வாங்கும்போது பழைய வால்வின் அடியில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். ஜப்பானிய வகை வால்வுகள் ஒரே அளவில் 76.5, 82, 88 என்று கிடைப்பதால் மூன்றுமே உள்ளே உட்காரும், உட்காருகிறது என்பதற்காக அது அந்த எஞ்சினுக்கானது ஆகிவிடாது. ரெசிஸ்டர், மூடி, கூலன்ட், கழுவும் கூலி எல்லாம் சேர்த்தும் ஒரு புது ரேடியேட்டர் விலை வரவில்லை. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: ரேடியேட்டரின் ஒரு ஓரத்தில் மட்டும் குழாய்கள் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருப்பது வெப்பமானியில் தெரிகிறது, உள்ளே உப்பு அடைத்திருக்க வேண்டும். அடுத்த கோடைக்கு முன் அதை மாற்றிவிடலாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் வாரம் ஒரு முறை எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.